ஜமால் முகமது பெயரில் ஒரு டப்பா

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்த அந்த போனை ஜமால் முகமதுதான் எடுத்திருக்க வேண்டும். அவர் குளித்துக்கொண்டிருந்தார், அதனால் உம்மு சல்மா எடுத்தாள். அடிக்கிற போனை அடிக்க விட்டுச் சும்மா இருப்பது அவளுக்கு ஆகாத காரியம். பேகம்பூரில் அடுத்த வீட்டுப் போன் அடித்தால்கூட ஒரு காதை அங்கே அனுப்பிவிட்டு மிச்சம் ஒரு காதோடுதான் வெங்காயம் நறுக்குவாள்.

"ஜமால் முகமது சார் வீடாம்மா? பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில இருந்து சிஸ்டர் தீபா பேசுறேன். போன வாரம் உங்க ஜமாஅத் மண்டபத்துல வயித்துக்கு முகாம் போட்டோம்ல? அதுல சார் குடுத்த டப்பாவுக்கு ரிசல்ட் வந்திருச்சு."

"சொல்லும்மா."

"மலத்துல ரத்தம் கலந்திருக்கு. இது கண்ணுக்குத் தெரியாது, டெஸ்ட்லதான் தெரியும். பயந்துராதீங்க. மூலமா இருக்கலாம், குடல்ல புண்ணா இருக்கலாம், சதை வளந்திருக்கலாம். என்னன்னு உள்ள கேமரா விட்டுப் பாத்துடணும். வியாழக்கிழமை டாக்டர் வர்றாரு. புதன்கிழமை வந்து மருந்துப் பவுடர் வாங்கிக்கங்க. தள்ளிப் போட்டுறாதீங்க."

"தள்ளிப் போட்டா என்னம்மா ஆகும்?"

"சதை வளர்ச்சியா இருந்தா, இப்பவே எடுத்துட்டா ஒண்ணுமில்லம்மா. விட்டாத்தான் நாளைக்கு அது வேற மாதிரி ஆயிரும்."

வேற மாதிரி என்றால் எந்த மாதிரி என்று உம்மு சல்மா கேட்கவில்லை. தெருவில் அந்த மாதிரி ஆனவர்கள் பெயர் நாலு அவளுக்கே தெரியும்.

ஜமால் முகமது துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தேழு வயது. ஆட்டுத்தோல் மண்டி வைத்திருப்பவர். ஊரிலேயே அதிகமாக உயிருக்குப் பயந்தவர் யார் என்று போட்டி வைத்தால் மற்றவர்கள் பெயர் கொடுக்கவே யோசிப்பார்கள். விக்கல் மூன்றைத் தாண்டி நான்காவதாக வந்தால் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் ஃபாரிஸுக்குப் போன் போட்டு, "அத்தா இல்லாட்டியும் மண்டியை விட்றாதப்பா" என்பார். நெஞ்சு கரித்தால் மாரடைப்பு. கால் மரத்தால் பக்கவாதம். செருப்புக் கடித்த புண்ணுக்கு ஊசி போடச் சொல்லி கம்பவுண்டரோடு மல்லுக்கு நின்றவர்.

அப்பேர்ப்பட்ட மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் தண்ணீர் கொடுத்து, மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னாள் உம்மு சல்மா. ரத்தம் என்ற சொல்லைச் சொல்லும்போது ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள், சாய்ந்தால் தாங்குவதற்கு.

அவர் சாயவில்லை. ஒரு நிமிடம் சுவரைப் பார்த்தார். பிறகு, "ஓகோ" என்றார். தண்ணீரைக் குடித்தார். "மத்தியானத்துக்கு என்ன, ஈரலா சுவரொட்டியா?" என்று கேட்டார்.

உம்மு சல்மாவுக்கு முதல் சந்தேகம் அங்கே விழுந்தது.

காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னாள். "கேட்டுச்சு சல்மா. பாத்துக்கலாம்" என்றார். உயிரை வெறுத்துவிட்டாரோ என்று பார்த்தாள். உயிரை வெறுத்தவன் ஆட்டுச் சுவரொட்டிக் கறி கேட்பானா? சோதித்துப் பார்த்துவிடுவது என்று மத்தியானம் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் குழைந்த கஞ்சியும் துவையலும்; மற்றொன்றில் மிளகு தூக்கலாகப் போட்ட ஈரல். நோயாளி எந்தத் தட்டை இழுக்கிறார் என்று கதவோரம் நின்று பார்த்தாள். நோயாளி ஈரலை இழுத்தார். முடித்தார். கஞ்சித் தட்டை ஓரமாகத் தள்ளி, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க இடம் பண்ணிக்கொண்டார்.

அவள் போன வாரத்தை நினைத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முகாம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே மைக்கில் சொல்லியாகிவிட்டது. நெஞ்செரிச்சல், வாய்வு, மலச்சிக்கல், அல்சர் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். பிரியாணி பேச்சு வந்தபோது மட்டும் சபை கொஞ்சம் முகம் சுளித்தது. கடைசியில் ஆளுக்கொரு சின்ன டப்பா. மூடியிலேயே ஒரு குச்சி. மேலே பெயர் ஒட்டியிருக்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மண்டபத்தில் கொண்டு வந்து கொடுக்க வேண்டும்.

வாங்கி வைக்க மேஜையில் உட்கார்ந்திருந்தவள் ஷாஹினா. அங்கேதான் சிக்கல். ஷாஹினா அந்த ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண். அதோடு ஃபாரிஸுக்குப் பார்த்திருக்கிற பெண். போய்ப் பார்த்து, டீ குடித்து, சமோசா தின்று ஒன்றரை மாதம் ஆகிறது. பெண் வீட்டில் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கையில் வருங்கால மாமனார் போய்த் தன் மலத்தைப் பெயர் ஒட்டிக் கொடுப்பதா என்று ஞாயிறு மத்தியானம் முழுக்க ஜமால் முகமது கூண்டுக் கிளி மாதிரி நடந்துகொண்டிருந்தார். கொடுக்காமலும் இருக்க முடியாது, அவர் முகாம் கமிட்டியில் இருக்கிறார். ஆனால் திங்கள் காலையில் டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததே! கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்துப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் சிரிப்பு. அது இப்போதுதான் உம்மு சல்மாவுக்கு உறுத்தியது.

மனதில் இருப்பதை இறக்கி வைக்க அவளுக்கு ஓர் இடம்தான். பக்கத்து வீடு. முத்துச்சாமியின் மாவு மில்.

முத்துச்சாமியும் ஜமாலும் மாப்ள, மாப்ள என்று முப்பது வருசமாகச் சுற்றுகிறவர்கள். முத்துச்சாமிக்கு ஒரு பெருமை உண்டு: வயிறு. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பார். முகாமுக்குக்கூட அவர் வரவில்லை. "நல்லா ஓடுற மில்லைப் பிரிச்சுப் பாக்குறவன் உண்டா?" என்று கேட்டுவிட்டுத் தெருவில் நின்று மூன்று வாழைப்பழம் தின்று காட்டியவர். அவர் மனைவி சிவனம்மாள்தான் மில்லில் எடை போட்டு மூட்டை இறக்கி ஏற்றிப் பார்ப்பவள். சமீபமாகக் கொஞ்சம் வெளுத்திருந்தாள். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. எந்த நேரமும் வாயில் பச்சரிசி. கேட்டால், "என்னமோ தெரியலை மதினி, மெல்லணும்போலயே இருக்கு" என்பாள்.

"ஒன்கிட்ட மட்டும் சொல்றேன் சிவனம்மா. யாருக்கும் தெரியக் கூடாது. முத்தண்ணன்கிட்டக்கூட மூச்சு விடாத. பொண்ணு வீட்டுக் காதுக்குப் போனா சம்பந்தம் அம்புட்டுத்தான்" என்று ஆரம்பித்து உம்மு சல்மா முழுவதையும் சொன்னாள். யாருக்கும் தெரியக்கூடாத விஷயங்களை அவள் எப்போதும் முழுவதுமாகத்தான் சொல்வாள்.

சிவனம்மாள் கையில் இருந்த மாவுத் தகரம் நழுவி விழுந்தது.

"நெசமாவா மதினி? ரத்தம்னா சொன்னாங்க?"

"ஆமாங்குறேன்ல."

"அம்புட்டு ரத்தமா, கொஞ்சமா?"

"அதெல்லாம் சொல்லலை."

"அறுப்பாங்களா?"

"கேமரா விட்டுப் பாப்பாங்களாம். சதையா இருந்தா அப்பவே எடுத்துருவாங்களாம்."

"மயக்கம் குடுப்பாங்களா? கூட யாரு இருக்கணும்?" என்று கேட்டவள், கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "பாக்குறது ஆம்பளை டாக்டரா, பொம்பளை டாக்டரா?" என்றாள்.

"ஆம்பளைக்கு எந்த டாக்டர் பாத்தா என்னடி?"

சிவனம்மாள் குனிந்து சிந்திய மாவை அள்ளினாள். உம்மு சல்மா எழுந்து வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் மில்லுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் பொத்தி அழுதுகொண்டிருந்தாள்.

இதென்ன கூத்து என்று உம்மு சல்மாவுக்குத் தோன்றியது. என் புருசனுக்கு நானே இன்னும் அழவில்லை.

சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்து பல்லில் நின்றது. இருபத்தாறு வருசம் ஒரே சுவர். நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும், பொங்கல் இந்தப் பக்கம் வரும். போனதும் வந்ததும் அவ்வளவுதானா? தொந்தியும் ஒட்டுப்பல்லுமாக இருக்கிற ஜமால் முகமதுவை வேறொருத்தி நினைத்து அழுவாள் என்று எண்ணிப் பார்க்கவே சிரிப்பு வந்தது. சிரித்தாள். ஆனாலும் நினைப்பை விடவில்லை. அன்றைக்குப் பூராவும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே காய் நறுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை சிவனம்மாளே தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மதினி, அண்ணன் அந்த டெஸ்ட்டை ஒரு மாசம் கழிச்சுப் பண்ணினா ஆகாதா? பழனிக்கு ஒரு நடை போயிட்டு வந்து..."

"அவரு எதுக்குடி பழனிக்குப் போறாரு?"

"இல்ல, பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொன்னாளாம். உம்மு சல்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. இவ்வளவு இளைத்தது எப்போது?

அன்று சாயங்காலம் இன்னொன்று நடந்தது. மில் வாசலில் கோதுமை மூட்டை மேல் ஜமாலும் முத்துச்சாமியும் உட்கார்ந்து குசுகுசுத்தார்கள். உள்ளே பெல்ட் ஓடுகிற சத்தத்தில் உம்மு சல்மாவுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. "வியாழக்கிழமை நீ வந்தே ஆகணும் மாப்ள" என்று ஜமால் கெஞ்சினார். முத்துச்சாமி தொடையில் தட்டிச் சிரித்தார். அவள் நெருங்கியதும் இரண்டு பேரும் வத்தலக்குண்டுப் பக்கம் மழை எப்படி என்று பேச ஆரம்பித்தார்கள். வத்தலக்குண்டில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

படுக்கப் போகுமுன் உம்மு சல்மா கணக்கைக் கூட்டிப் பார்த்தாள். பயப்பட வேண்டிய மனிதர் ஈரல் தின்கிறார். பயப்பட வேண்டாதவள் சோறு இறங்காமல் பச்சரிசி மெல்லுகிறாள். நோய்க்காரர் கெஞ்சுகிறார், கூடப் போக வேண்டியவர் சிரிக்கிறார். ஒன்றும் ஒட்டவில்லை.

புதன்கிழமை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே போனாள். சிஸ்டர் தீபா இருபத்தைந்து வயதுக்காரி, சிரித்த முகம், தாடிக்கொம்பில் இருந்து தினம் பஸ்ஸில் வருகிறாளாம். வந்த வேலையைவிட இதை முதலில் விசாரித்து முடித்துவிட்டாள் உம்மு சல்மா. மருந்துப் பவுடரைக் கொடுத்து, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தம்ளர் வீதம் இரண்டு லிட்டரும் குடிக்க வேண்டும், மத்தியானத்தோடு சோறு கூடாது, இளநீரும் வடிகட்டின ரசமும் குடிக்கலாம் என்று தீபா சொன்னாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? இந்த டப்பா ஆளு மாறிப் போயிருக்குமா?"

"பேரு ஒட்டியிருக்கேம்மா. எங்ககிட்ட மாறாது" என்று தீபா சிரித்தாள். "உங்க வீட்டுல மாறியிருந்தாத்தான் உண்டு."

பகடியாகத்தான் சொன்னாள். உம்மு சல்மா சிரிக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டோக்காரன் என்ன கேட்டும் பதில் சொல்லவில்லை. அது அவள் வாழ்க்கையிலேயே நடவாத காரியம்.

ஐந்து மணிக்கு, பெரிய எவர்சில்வர் ஜக்கில் பவுடரைக் கரைத்து, ஒரு தம்ளரோடு கணவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

"இம்புட்டுமா?"

"இம்புட்டும். ஒம்பது மணிக்குள்ள. ராத்திரி பாத்ரூமை விட்டு நகர மாட்டீங்களாம்."

ஜமால் முகமது தம்ளரைக் கையில் எடுத்தார். ஒரு வாய் வைத்தார். கடல்தண்ணியில் எலுமிச்சம்பழம் பிழிந்தது மாதிரி இருந்திருக்க வேண்டும். முகம் அப்படித்தான் போனது. ஜக்கைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"சல்மா."

"ம்."

"ஒண்ணு சொன்னாக் கத்தக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த டப்பா என்னோடது இல்ல."

உம்மு சல்மா கத்தவில்லை. ஜக்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "யாரோடது?"

வந்தது கதை. ரிசல்ட்டை முதலில் பார்க்கப் போகிறவள் ஷாஹினா. முப்பது வருசமாக நெஞ்சு கரிக்கிற, வாய்வு பிடிக்கிற வயிற்றை நம்பி எப்படிக் கொடுப்பது? ஏதாவது வந்தால் வியாதிக்காரக் குடும்பம் என்று சம்பந்தம் முறிந்துவிடாதா? அதனால் ஊரிலேயே நல்ல வயிறு எது என்று யோசித்து, ஞாயிறு சாயங்காலம் டப்பாவை முத்துச்சாமி கையில் கொடுத்தாராம். காலையில் எட்டரைக்கு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாராம்.

"மொத மார்க்குப் பயலைப் பாத்துக் காப்பி அடிச்சேன் சல்மா. அவன் பெயிலாயிட்டான்."

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எப்புடிச் சொல்ல? ஒனக்குக் குடல்ல ரத்தம் வருதுடான்னு எந்த வாயால சொல்ல? சும்மா செக்கப்புக்கு வாடான்னு ரெண்டு நாளாக் கெஞ்சுறேன். சிரிக்கிறான்."

"அதுக்குள்ள ரெண்டு நாளு ஈரல் தின்னாச்சு" என்றாள் உம்மு சல்மா. அவர் தலை குனிந்தது. ஜக்கைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். ஜமால் முகமது பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடினார்.

முத்துச்சாமி மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். நெடி ஏறி மூன்று பேரும் தும்மினார்கள். தும்மலுக்கு நடுவே உம்மு சல்மா கேட்டாள்: "அண்ணே, என் வீட்டுக்காரர் டப்பாவுல குடுத்தது நீங்கதானாமே?"

முத்துச்சாமி நண்பனை முறைத்தார். "தங்கச்சிகிட்டச் சொல்லிட்டியாடா மாப்ள? வெக்கங்கெட்டவனே." பிறகு சிரித்தார். "நல்ல வேளையாச் செஞ்சேன் தங்கச்சி. இவன் வயித்தைக் குடுத்திருந்தா மிஷினு நின்னுருக்கும்."

"அதுல ரத்தம் வந்திருக்குண்ணே."

"ரத்தமா?"

"நாளைக்குக் கேமரா விட்டுப் பாக்கணுமாம். இந்த மருந்தை நீங்கதான் குடிக்கணும்."

முத்துச்சாமி முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிக்கொண்டே போனது. தனக்கு நோய் என்று கேட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று உம்மு சல்மாவுக்குத் தெரியும். இருபத்தாறு வருசமாக வீட்டில் பார்க்கிறாளே. இது அந்த முகம் இல்லை. அவர் கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது. பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றது.

"எனக்கு அன்னைக்குப் போகலை" என்றார்.

"என்னது?" என்றார் ஜமால்.

"வெளிய போகலைடா. மூணு நாளாவே போகலை. அடிக்கடி இப்புடித்தான். கல்லைத் தின்னாச் செரிக்கும்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன், சோத்தைத் தின்னாலே இறங்க மாட்டேங்குது. ஒன்கிட்ட எப்புடிச் சொல்ல? நீயோ எட்டரைக்கு வந்து நிப்பே." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "டப்பாவை இவகிட்டக் குடுத்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் இருக்கிற கதவில் சிவனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வாயில் அரிசி இருந்தது. மெல்வதை நிறுத்தியிருந்தாள்.

உம்மு சல்மாவுக்கு மூன்று நாள் கேள்விகளும் வரிசையாக வந்து பதிலோடு நின்றன. அறுப்பார்களா. ஆம்பளை டாக்டரா, பொம்பளை டாக்டரா. ஒரு மாதம் கழித்துப் போனால் ஆகாதா. தான் சந்தேகப்பட்டது எதை, இருந்தது எது என்று நினைக்க அவளுக்கே காது சுட்டது. நல்ல வேளை, அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"எத்தனை நாளாடி?"

"எட்டு மாசம் இருக்கும் மதினி. மொதல்ல மூலம்னு நெனச்சேன். துத்திக்கீரை தின்னேன். மோர்ல கருணைக்கிழங்கு தின்னேன். நிக்கவும் நிக்கும், வரவும் வரும்."

"முகாமுக்கு வந்திருக்கலாம்ல?"

"வந்தேன். வரிசையில எனக்கு முன்னாடி நின்ன பொம்பளைகிட்ட, ரத்தம் போகுதா, எத்தனை தடவை போகுதுன்னு சத்தமாக் கேட்டாங்க. பின்னாடி இவரு தம்பி மாமனாரு நிக்கிறாரு. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அவள் கணவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே பேசினாள். "மறுநா காலையில இவரு டப்பாவை நீட்டி, கேள்வி கேக்காதே, குடுன்னாரு. பாத்தா வேற பேரு. என் பேரு இல்லாம எனக்கு என்னன்னு தெரிஞ்சிருமேன்னு குடுத்துட்டேன்."

"ரிசல்ட்டு வந்தா எனக்குத்தானே வரும்? ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று ஜமால் கேட்டார்.

"மதினிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிரும்லண்ணே."

இதைப் பாராட்டாக எடுப்பதா, குத்தலாக எடுப்பதா என்று உம்மு சல்மா ஒரு கணம் யோசித்தாள். யோசிக்க நேரம் இல்லை. மணி ஐந்தே முக்கால்.

"இந்தா, குடி" என்று ஜக்கை நீட்டினாள்.

"நான் வரலை மதினி. தெரிஞ்சுக்கிடணும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சு போச்சு. விடுங்க."

"என்ன தெரிஞ்சுச்சு? ரத்தம் வருதுன்னு ஒனக்கு எட்டு மாசமாத் தெரியும். எதுனால வருதுன்னு தெரியுமா? எடுத்துட்டா ஒண்ணுமில்ல, விட்டாத்தான் வேற மாதிரி ஆகும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. என் காதால கேட்டேன். நீ என் வாயை நம்புனவதானே, இதையும் நம்பு."

முத்துச்சாமி உள்ளே போய் ஒரு தம்ளரைக் கழுவி, மருந்தை ஊற்றி, மனைவி கையில் கொடுத்துவிட்டு அவள் காலடியிலேயே படியில் உட்கார்ந்தார். "நான் கேட்டிருக்கணும். எதுக்கு இவ இம்புட்டு வேகமா வாங்கிட்டுப் போறான்னு அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றார். யாரும் கேட்காமலே அதையே மறுபடியும் சொன்னார். சிவனம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

உம்மு சல்மா தீபாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். தீபா எல்லாவற்றையும் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். பிறகு, "இனிமே எதையும் மாத்தாதீங்கம்மா, கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, நெஞ்சுவலி உண்டா, ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறாளா, மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் இல்லை, பச்சரிசியைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றதும், "ரத்தம் கொறஞ்சா அப்படித்தான் அரிசி, சாம்பல்னு ஆசை வரும்மா. அதையும் நிப்பாட்டுங்க" என்றாள். மருந்தை நிறுத்தாமல் குடிக்கச் சொன்னாள். காலையில் சீக்கிரம் கூட்டி வந்தால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்வார். "டப்பா பேரை மட்டும் லேபுல சொல்லி மாத்தணும். ஷாஹினா இருக்கா, குடுக்கட்டுமா?"

உம்மு சல்மா போனைக் கணவர் கையில் திணித்தாள். அவர் நெருப்பை வாங்குகிற மாதிரி வாங்கினார்.

"வந்தும்மா... நான் ஜமால் மாமா. ஃபாரிஸோட அத்தா. அந்த டப்பா விஷயமா..."

"உங்களோடது இல்லையா மாமா?"

"எப்புடிம்மா தெரியும்?"

"நீங்க நாலாவது ஆளு மாமா. உங்க தெருவுல இருந்து மட்டும்." அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று காதை ஒட்டி நின்ற உம்மு சல்மாவால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. "நாளைக்கு வரும்போது புது டப்பா தாரேன். உங்களோடதையே குடுங்க."

மற்ற மூன்று பேர் யார் என்று கேட்க உம்மு சல்மாவின் நாக்கு துடித்த துடிப்பைச் சொல்லி முடியாது. அடக்கிக்கொண்டாள். முன்னால் வேலை இருந்தது.

அன்றைக்கு அவள் பக்கத்து வீட்டுக் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தம்ளர் எண்ணினாள். யாரையும் நம்பாத அவள் புத்தி அன்றைக்குத்தான் முழுசாக ஒரு வேலைக்கு ஆனது. நாலாவது தம்ளரைச் சிவனம்மாள் முருங்கை மரத்தடியில் ஊற்றப் போனபோது பிடித்தாள். ஆறாவது தம்ளரில், தாடிக்கொம்பில் இருக்கிற அக்கா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்வருகிறேன் என்று புடவை மாற்றியபோது வாசல் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்த நிலைமையில பஸ் ஏறுவியாடி? கண்டக்டர் என்ன பாவம் பண்ணான்?" என்றாள். அழுதுகொண்டிருந்த சிவனம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் உள்ளே ஓட வேண்டி வந்தது.

வியாழக்கிழமை காலை நாலு பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஏழரைதான் இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். இவ்வளவு குறைந்தவள் மூட்டை தூக்கியிருக்கிறாளே என்று டாக்டர் முத்துச்சாமியைப் பார்த்தார். முத்துச்சாமி ஜன்னலைப் பார்த்தார். நாடித்துடிப்பும் மூச்சும் பார்த்துவிட்டு, இன்றைக்கே செய்துவிடலாம் என்றார் டாக்டர். ஆம்பளை டாக்டர்தான். சிவனம்மாள் அவர் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆனால் தீபா தாளை வைத்துக்கொண்டு, கூடம் நிறைய ஆள் இருக்க, எத்தனை மாதமாக ரத்தம் போகிறது என்று கேட்டபோது, "எட்டு மாசம். வாரத்துக்கு ரெண்டு தடவை. வலி இல்ல" என்று மூன்றாவது பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது.

நாற்பது நிமிடம். முத்துச்சாமி சுவரில் ஒட்டியிருந்த குடல் படத்தின் முன்னால் நின்றார், நகரவில்லை. ஜமால் முகமது புது டப்பாவை மஞ்சள் பையில் போட்டு, பையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, ஷாஹினா இருக்கிற கவுன்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் எட்டு தடவை நடந்தார். ஒன்பதாவது தடவை கொடுத்துவிட்டார். உம்மு சல்மா மட்டும் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்தால் ஏன் வேகமாக வருகிறாள் என்று பார்த்தாள். மெதுவாக வந்தால் ஏன் மெதுவாக என்று பார்த்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். "பெருங்குடல்ல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சதை, காம்போட தொங்கிட்டிருந்துச்சு. அதுலதான் ரத்தம் கசிஞ்சிருக்கு. கம்பி போட்டு அறுத்து எடுத்தாச்சு. வேற எங்கயும் ஒண்ணுமில்ல."

முத்துச்சாமி கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்கவில்லை.

"அது கெட்ட சதையா டாக்டர்?" என்று உம்மு சல்மா கேட்டாள்.

"பாத்தா அப்படித் தெரியலை. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். பத்து நாள்ல உறுதியாச் சொல்லிடலாம்."

"பாத்தாத் தெரியலைன்னா? இருக்கலாம்குறீங்களா?"

"பெரும்பாலும் இருக்காதும்மா. இன்னும் ரெண்டு வருசம் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ரத்தம் ஊற மருந்து தர்றேன். அடுத்த வருசம் ஒரு தடவை திரும்பப் பாக்கணும்."

பெரும்பாலும் என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. பத்து நாளும் பிடிக்கவில்லை. ஆனால் டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லும்போது பேனாவை நோண்டவில்லை. அதைக் குறித்துக்கொண்டாள்.

தீபா ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மேலே வழுவழுவென்று நாலு படம். முத்துச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உம்மு சல்மா வாங்கினாள். படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மேலே முதல் வரியில் விரலை வைத்து, வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சிவனம்மாள். வயசு அம்பத்திரண்டு. பெண்."

அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும்படி முத்துச்சாமியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு, மயக்கம் தெளிந்து கிடந்தவளைப் பார்க்க உள்ளே போனாள்.